பைரோ படலம் செய்யப் போன வாரம்

ஜூலை 7, ஞாயிறு

இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்து, விடியற்காலை கொட்டும் மழையில் இறங்கினேன். ஆய்வக விருந்தினர் விடுதியில் அறை இன்னும் தயாராகவில்லை, பத்து மணிக்கு மேல்தான் என்றார்கள். சரி என்று தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் விளக்கு அணைந்துவிட்டது. கையை ஆட்டினால் எரிகிறது, சும்மா இருந்தால் அணைகிறது. காவலாளி பார்த்துச் சிரித்தார். "அந்த சென்சார் சரியில்லைங்க. ஆள் உக்காந்திருக்கறதே அதுக்குத் தெரியாது."

சென்சார் மேல் தப்பில்லை, அதன் பிறவிக் குணம் அது. உள்ளே இருப்பது பைரோ எலெக்ட்ரிக் பொருள். சில படிகங்களுக்குள் நேர்மின்னும் எதிர்மின்னும் இயல்பாகவே சற்று விலகி நிற்கும். அந்த முனைவாக்கம் வெப்பநிலையோடு மாறும். மாறும்போது மட்டும் பரப்பில் மின்னூட்டம் கூடிக் குறையும், வெளியே கம்பியில் ஒரு மின்னோட்டம் ஓடும். வெப்பநிலை ஓரிடத்தில் நின்றுவிட்டால் மின்னோட்டமும் நின்றுவிடும். மனித உடல் வெளிவிடும் அகச்சிவப்பு சுமார் 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம். நாம் நடந்தால் முன்னால் இருக்கும் லென்ஸ் அந்தக் கதிரை உணரியின் மேல் விட்டுவிட்டு வீழ்த்தும், விளக்கு எரியும். நாற்காலியில் அசையாமல் இருப்பவரை அது சுவராகத்தான் பார்க்கும்.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வாயு அளக்கும் கருவிகளுக்கு மின்சுற்று போடுவது என் பிழைப்பு. கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டரில் அகச்சிவப்பை விழுங்கும். அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்று பார்த்தால் வாயுவின் அளவு தெரியும். பார்ப்பது ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள் இருக்கும் பைரோ துண்டு. வருடக்கணக்கில் அதை வாங்கிப் பலகையில் பொருத்துகிறேன், உள்ளே இருப்பதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. இங்கே ஒரு குழு அதையே மெல்லிய செராமிக் படலமாகச் செய்கிறது. ஒரு வாரம் கூட இருந்து செய்யலாம் என்று அழைத்தார்கள்.

ஜூலை 8, திங்கள்

காலை முழுக்கப் பாதுகாப்பு வகுப்பு. இதைச் சடங்காகக் கடந்துபோகிற இடங்கள் உண்டு. இங்கே அப்படி இல்லை, காரணமும் இருக்கிறது. நாங்கள் செய்யப்போவது பி.இசட்.டி., அதாவது ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் மூன்றும் சேர்ந்த ஆக்சைடு. ஈயம் விஷம் என்று எல்லோருக்கும் தெரியும். கரைப்பானாகப் பயன்படும் 2-மெத்தாக்சி எத்தனால் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வாசனையும் பயமுறுத்துகிற மாதிரி இருக்காது, அதுதான் ஆபத்து. கையுறை இரண்டு ஜோடி, வேலை முழுக்க உறிஞ்சு அலமாரிக்குள். கழிவுக்குத் தனிப் பாட்டில், அதில் தேதியும் பெயரும்.

பாட்டிலில் பெயர் எழுதாமல் நகர்ந்த ஒரு மாணவனைத் தொழில்நுட்பர் நிறுத்தினார். அறுபதை நெருங்கும் வயது, எல்லோருக்கும் அவர் அண்ணன். "அண்ணே, அப்புறம் எழுதிடறேன்" என்றான். "அப்புறம்னு ஒரு லேபிள் இங்க இல்லப்பா" என்று பேனாவை நீட்டினார். குரல் உயரவே இல்லை.

மதியம் கரைசல். ஈய அசிட்டேட்டைக் கரைப்பானில் போட்டுச் சூடாக்கி, அதிலிருக்கும் தண்ணீரை முதலில் ஓட்டிவிட வேண்டும். பிறகு சிர்க்கோனியம் புரொப்பாக்சைடும் டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடும். இந்த இரண்டுக்கும் ஈரக்காற்று ஆகவே ஆகாது, பட்ட இடத்தில் வெள்ளையாகத் திரிந்துவிடும். அதனால் உலர்ந்த நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள் கைவிட்டு அளந்தோம். ஈயத்தை மட்டும் கணக்கைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகப் போடுகிறார்கள். சூடாக்கும்போது ஈய ஆக்சைடு ஆவியாகிப் போகும், போவதை முன்கூட்டியே ஈடுகட்டுகிற ஏற்பாடு. கடைசியில் துளி மாங்கனீசு அசிட்டேட், ஒரு சதவீத அளவு.

சிர்க்கோனியத்துக்கும் டைட்டானியத்துக்கும் என்ன விகிதம் என்பதில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பி.இசட்.டி. என்றாலே 52-க்கு 48 என்றுதான் படித்திருக்கிறோம். அழுத்தம் கொடுத்தால் மின்சாரம் தருகிற வேலைக்கு அதுதான் உச்சம். இங்கே 30-க்கு 70 கலக்கினார்கள். காரணம் விடுதிறன், அதாவது பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பதன் அளவு. 52/48-ல் விடுதிறன் ஆயிரத்தைத் தொட்டுவிடும். உணரி என்பது ஒரு மின்தேக்கியும்தான். மின்தேக்கி பெரிதானால், அதே மின்னூட்டத்துக்கு மின்னழுத்தம் குறையும். டைட்டானியம் கூடினால் விடுதிறன் சில நூறுக்கு இறங்கும், பைரோ எண் (ஒரு டிகிரிக்கு எவ்வளவு மின்னூட்டம் மாறும் என்பது) அவ்வளவாக அடிபடாது. மாங்கனீசு அதை இன்னும் கொஞ்சம் இறக்கி, மின்னிழப்பையும், அதாவது பொருளுக்குள் வெப்பமாக வீணாகும் மின்னாற்றலையும், குறைக்கும். பைரோ ஆட்கள் எதற்கு உச்சப்புள்ளியை விட்டு விலகி நிற்கிறார்கள் என்று இன்றுதான் உறைத்தது.

மாலையில் மழை வலுத்தது. அதைப் பற்றி நாளை.

ஜூலை 9, செவ்வாய்

தூசி புகாத கிளீன் ரூம் வாசலில் ஈரப்பதமானி 62 சதவீதம் காட்டியது. நாற்பதுக்குக் கீழே வந்தால்தான் படலம் போட விடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஈரம் உலர்த்தும் எந்திரம் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தது, வெளியே மழையும் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தது. வெள்ளை உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு மதியம் வரை காத்திருந்தோம். உள்ளே போனால் தண்ணீர் குடிக்க முடியாது, வெளியே வந்தால் மறுபடி உடை மாற்ற வேண்டும். யாரும் நகரவில்லை.

இரண்டு மணிக்கு அனுமதி கிடைத்தது. சிலிக்கன் வேஃபர் என்ற மெல்லிய வட்டத் தகடு, அதன் மேல் ஆக்சைடு, அதன் மேல் டைட்டானியம் ஒட்டுப்பூச்சு, அதன் மேல் பிளாட்டினம். இதன் நடுவில் கரைசலைச் சில சொட்டு விட்டு நிமிடத்துக்கு 3000 சுற்றில் அரை நிமிடம் சுழற்றினால் மெல்லியதாகப் பரவும். உடனே 350 டிகிரி தட்டில் வைத்து அதிலிருக்கும் கரிமப் பொருளை எரித்து விரட்டுவது. ஒரு அடுக்கு சுமார் 60, 70 நானோமீட்டர்தான் வரும். ஒரே அடியாகத் தடிமனாக ஊற்றினால் உலரும்போது சுருங்கி வெடித்துவிடும். ஒரு மைக்ரோமீட்டருக்குப் பதினைந்து அடுக்கு வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது.

இந்த அலுப்பான வேலையில் ஒரு சந்தோஷம் நிறங்கள். ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் வேஃபர் ஊதாவாகி, நீலமாகி, மஞ்சளாகி, பச்சைக்குப் போகிறது. ஒளி படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும்போது நடக்கும் குறுக்கீடு. அண்ணன் அளவுகோல் இல்லாமலே, "இது நாலாவது, இன்னும் ரெண்டு போடு" என்கிறார். பிறகு கருவியில் அளந்தால் சரியாக இருக்கிறது.

சில அடுக்குக்கு ஒருமுறை 650 டிகிரி வேக உலையில் படிகமாக்க வேண்டும். விளக்குகளால் சூடேற்றும் உலை அது, சில விநாடிகளில் மேலே போய்விடும். அந்த வேகத்துக்கு அர்த்தம் இருக்கிறது. 500 டிகிரியை ஒட்டி நின்றால் பைரோகுளோர் என்ற வேறு அமைப்பு உருவாகும். அதற்கு முனைவாக்கமே கிடையாது, நமக்கு அது வெறும் மண். அந்த வெப்பநிலைப் பகுதியைச் சீக்கிரம் தாண்டி, நமக்கு வேண்டிய பெரோவ்ஸ்கைட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஐந்தரை மணிக்கு மின்சாரம் தடுமாறியது. விளக்கு மூச்சுவிட்டு மீண்டது, உலை மட்டும் மீளவில்லை. ஒரு வேஃபர் நடுவழியில் மாட்டி, ஆகாத வெப்பநிலையில் மெதுவாக ஆறியது. எடுத்தபோது பளபளப்பு போய்ப் பால் படிந்து கிடந்தது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் விளிம்பு விலகல் கருவியில் வைத்தோம். 31 டிகிரி கோணத்தின் அருகில் வர வேண்டிய பெரோவ்ஸ்கைட் உச்சம் பேருக்கு இருந்தது. 29.5-க்குப் பக்கத்தில் பைரோகுளோர் மேடு அகலமாக உட்கார்ந்திருந்தது. மறுபடி சூடாக்கினால் திரும்புமா என்று கேட்டேன். ஈயம் போதுமான அளவு மிச்சமிருந்தால் திரும்பலாம், மேற்பரப்பில் ஈயம் ஏற்கெனவே போயிருக்கும் என்றார்கள். பதினைந்து அடுக்கில் பதினொன்று முடிந்திருந்த வேஃபர். யாரும் திட்டவில்லை, யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை.

நல்ல வேளை, இன்னொரு வேஃபர் தட்டில் பத்திரமாக இருந்தது. இரவு பத்தரைக்கு அதை முடித்தோம்.

ஜூலை 10, புதன்

இன்று நானோ நாள். ஆராய்ச்சி மாணவி ஒருவர் தன் மாதிரிகளைக் காட்டினார். நான் சந்தேகத்தோடுதான் போனேன். தலைப்பில் நானோ என்று போட்டு, உள்ளே பைரோ எண் ஒன்றை மட்டும் கொடுத்து, மின்னிழப்பைப் பற்றி மூச்சுவிடாத கட்டுரைகளைப் போதுமான அளவு படித்திருக்கிறேன்.

அவரிடம் இரண்டு வகை இருந்தன. முதலாவது குழாய்கள். அலுமினியத்தை அமிலத்தில் மின்னாற்பகுப்பு செய்தால் தேன்கூட்டு ஒழுங்கில் துளைகள் கொண்ட அலுமினா கிடைக்கும். துளை விட்டம் 200 நானோமீட்டர் அளவு. அதற்குள் பி.இசட்.டி. கரைசலை இழுக்க வைத்து, உலர்த்திப் படிகமாக்கி, அலுமினாவைக் காரத்தில் கரைத்துவிட்டால் செராமிக் குழாய்கள் தனியே நிற்கும். நுண்ணோக்கிப் படம் பார்க்க அவ்வளவு அழகு.

இதில் ஒரு நியாயமான ஆசை இருக்கிறது. தட்டையான படலம் சிலிக்கனோடு கட்டப்பட்டிருக்கிறது. சூடாகும்போது இஷ்டத்துக்கு விரிய முடியாது, அந்தப் பிடிப்பு பைரோ எண்ணையும் மாற்றிவிடுகிறது. தனித்து நிற்கும் குழாய்க்கு அந்தக் கட்டு இல்லை. வெப்பம் கீழே ஓடும் பாதையும் குறுகியது. எல்லாம் சரி, மேல் மின்முனையை எங்கே வைப்பது? உலோகத்தைப் படியவிட்டால் குழாய்க்கு நடுவே இறங்கி, கீழ் மின்முனையைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஆகிவிடுகிறது. இடைவெளியைப் பாலிமரால் நிரப்பினால் வேலை ஆகும், ஆனால் நிரப்பிய பாலிமரும் சேர்ந்து சூடாக வேண்டியிருக்கும். "படம் எடுத்தா அட்டைப்படம், அளந்தா ஒண்ணும் வராது" என்று அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இரண்டாவது வகைதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கரைசலில் பி.வி.பி. என்ற பாலிமரைக் கலந்து படலம் போடுவது. சூடாக்கும்போது பாலிமர் எரிந்து போகும், அது இருந்த இடம் நானோ துளையாக மிஞ்சும். ஓட்டை விழுந்த செராமிக் எப்படி நல்ல செராமிக்கைவிட மேலாகும் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். முப்பது சதவீதம் துளை என்றால், பொருள் குறைவதால் பைரோ எண் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். வெப்ப ஏற்புத்திறனும் அதே விகிதத்தில் குறையும், அதனால் அதே கதிருக்குக் கூடுதலாகச் சூடேறும். இரண்டும் கழிந்துவிடும். மிச்சம் விடுதிறன். துளைக்குள் இருக்கும் காற்றின் விடுதிறன் ஒன்று, பி.இசட்.டி.யின் விடுதிறன் சில நூறு. அதனால் மொத்த விடுதிறன் துளையின் விகிதத்தைவிட அதிகமாகவே சரியலாம். மின்னழுத்தத்தில் லாபம் அங்கிருந்து வருகிறது.

அப்புறம் வாக்குவாதம் தொடங்கியது. அவர் மின்னழுத்தத் தரக்குறியை, அதாவது அதே கதிருக்கு எவ்வளவு மின்னழுத்தம் வரும் என்ற எண்ணைக் காட்டினார். சமிக்ஞையோடு கலக்கும் வேண்டாத ஏற்ற இறக்கமான இரைச்சல் எவ்வளவு என்று நான் கேட்டேன். உணரியின் கீழ்வரம்பைத் தீர்மானிப்பது பல நேரம் மின்னிழப்பால் வரும் இரைச்சல். துளைச் சுவர்களில் ஈரம் ஒட்டினால் அந்த இழப்பு ஏறும். இந்த வாரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இன்னொன்றும் உண்டு. 50 மைக்ரோமீட்டர் சதுரப் பிக்சல், ஒரு மைக்ரோமீட்டர் தடிமன், விடுதிறன் 300 என்று வைத்தால் மின்தேக்குதிறன் ஆறேழு பிகோபாரட்தான். பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டரின் நுழைவாயிலே சில பிகோபாரட் எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் விடுதிறனை இன்னும் குறைத்து என்ன பயன்? பெரிய ஒற்றை உணரிக்குத் துளைப் படலம் லாபம், குட்டிப் பிக்சலுக்கு அப்படி இல்லை. இதைத் தாளில் வரைந்து காட்டியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் முகமூடியில் பரப்பளவைப் பெரிதாக்கி இன்னொரு வரிசை சேர்க்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார். முகமூடி என்றால் வடிவம் பதிக்கும் கண்ணாடித் தட்டு, முகத்தில் மாட்டுவது இல்லை.

ஈயமில்லாத பொருட்களும் அவர் பட்டியலில் இருக்கின்றன. பிஸ்மத்-சோடியம் டைட்டனேட் முதலானவை. அவற்றுக்கு இன்று நேரமில்லை.

ஜூலை 11, வியாழன்

மொத்த வாரத்திலும் அலைச்சல் இன்றுதான். சிலிக்கனைப் பின்பக்கமிருந்து ஆழமாகக் குடையும் எந்திரம் இங்கே பழுது. இரண்டு மணி நேரத் தொலைவில் இன்னொரு ஆய்வகத்தில் இருக்கிறது. வேஃபரை டப்பாவில் வைத்து, டப்பாவை நுரையில் வைத்து, நுரையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், "கேக்கா தம்பி?" என்று கேட்டார். வெப்பத்தைப் பார்க்கிற கண்ணாடி என்றேன். இறங்கும்வரை அவரும் தன் பையை அதன் மேல் சாயாமல் பிடித்துக்கொண்டார்.

எதற்குக் குடைய வேண்டும்? சிலிக்கன் அருமையாக வெப்பம் கடத்தும். கதிரை விநாடிக்குப் பத்து முறை மறைத்துத் திறந்தால், அந்த இடைவெளியில் வெப்பம் சிலிக்கனில் மில்லிமீட்டர் கணக்கில் பரவிவிடும். வேஃபரின் தடிமனோ அரை மில்லிமீட்டர். அதாவது நம் ஒரு மைக்ரோமீட்டர் படலத்தின் மேல் விழும் வெப்பத்தை முழு வேஃபரும் பங்கு கேட்கும். படலம் சூடாகவே செய்யாது. பி.இசட்.டி. எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தும் உபயோகமில்லை. அதனால் அடியில் இருக்கும் சிலிக்கனை எடுத்துவிட்டு, ஆக்சைடும் நைட்ரைடும் சேர்ந்த மெல்லிய சவ்வின் மேல் படலத்தைத் தொங்கவிட வேண்டும். செராமிக் செய்வதைவிட இந்தத் தொங்கவிடுதல்தான் உணரியை உணரியாக்குகிறது. இந்த விஷயத்தில் எனக்கு இப்போது இரண்டாம் கருத்து இல்லை.

குடையும் எந்திரம் ஒரு வாயுவால் அரிக்கும், இன்னொரு வாயுவால் சுவருக்குப் பூச்சுப் பூசும், மறுபடி அரிக்கும். இப்படி மாறி மாறிச் செய்வதால் பள்ளம் பக்கவாட்டில் அகலாமல் நேராக இறங்குகிறது. ஆக்சைடைத் தொட்டதும் அரிப்பு மட்டுப்படும். அங்கே எந்திரத்தை இயக்கியவர் ஒரு வார்த்தை அதிகம் பேசாதவர். நான்கு மணி நேரம் நின்றுகொண்டே பார்த்தார், உட்காரச் சொன்னதற்கும் தலையாட்டியதோடு சரி.

எடுத்துப் பார்த்ததில் சில சவ்வுகள் சுருக்கமிட்டிருந்தன. ஆக்சைடுக்கு உள்ளே அமுக்கம், நைட்ரைடுக்கும் பி.இசட்.டி.க்கும் இழுவை. கூட்டிக் கழித்தால் கொஞ்சம் இழுவை மிஞ்ச வேண்டும். அமுக்கம் மிஞ்சினால் சவ்வு நெளியும். நெளிந்தவை ஓரத்தில்தான், நடுவில் இருந்தவை விறைப்பாக இருந்தன.

திரும்பும் பேருந்தின் ஓட்டுநருக்கு வேகத்தடைகள் மேல் நம்பிக்கை இல்லை. விடுதிக்கு வந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, விறைப்பாக இருந்தவற்றிலும் மூன்று உடைந்திருந்தன. நெளிந்தவை அத்தனையும் பத்திரம்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் முனைவாக்கம். புதிதாகச் செய்த படலத்தில் குட்டிக் குட்டிப் பகுதிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். 150 டிகிரிக்குச் சூடாக்கி, மின்புலம் கொடுத்து, புலத்தோடேயே ஆறவிட்டால் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பும். கட்டைச் செராமிக்கில் இதற்கு ஆயிரம் வோல்ட் கணக்கில் வேண்டும். ஒரு மைக்ரோமீட்டர் படலத்துக்கு 15 வோல்ட் போதும். மேசை மேல் இருக்கும் சாதாரண மின்வழங்கியே செய்துவிடுகிறது. மெல்லிய படலத்துக்கு வக்காலத்து வாங்க எனக்குக் கிடைத்த நல்ல வாதம் இது.

பிறகு பைரோ எண்ணை அளந்தோம். சவ்வாக்காத ஒரு சதுர மில்லிமீட்டர்த் துண்டை நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடாக்கி மின்னோட்டம் பார்ப்பது. எண் 200 மைக்ரோகூலும் அளவில் இருந்தால் (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு) வரவேண்டியது 7 பிகோஆம்பியர்தான். முதல் சூடேற்றத்தில் அதைப்போல் பல மடங்கு வந்தது. மாணவர்கள் முகம் மலர்ந்தது, அண்ணன் முகம் மாறவே இல்லை. "ஆற விட்டுப் பாருங்க" என்றார். நிஜமான பைரோ மின்னோட்டம் என்றால் குளிரும்போது அதே அளவில் எதிர்த்திசையில் ஓட வேண்டும். எங்களுடையது திசை மாறியது, ஆனால் அளவு மிகச் சிறியது. மீதியெல்லாம் குறைபாடுகளில் சிக்கியிருந்த மின்னூட்டம் சூட்டில் விடுபட்டு ஓடியது. முனைகளைக் குறுக்காக இணைத்துச் சிறிது நேரம் வைத்து, இரண்டாம் முறை சூடேற்றியபோது சூட்டிலும் குளிர்விலும் ஒரே அளவு வந்தது. சில கட்டுரைகளில் பார்க்கும் பிரமாண்ட எண்கள் முதல் சூடேற்றத்தோடு எழுந்துபோனவர்களுடையது என்பது என் ஊகம்.

சூட்டில் மின்சாரம் காட்டும் கல் என்பது புதிய செய்தி அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலைன் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். தணலில் வைத்தால் அந்தக் கல் சாம்பலை இழுத்துப் பிறகு தள்ளியது. இந்தக் குணத்துக்கு டேவிட் புரூஸ்டர் 1824-ல் பைரோ எலெக்ட்ரிசிட்டி என்று பெயர் வைத்தார். சாம்பலை இழுத்த கல்லுக்கும் எங்கள் துண்டுக்கும் வேலை ஒன்றுதான்.

மாலை தங்கக் கருப்பு. பி.இசட்.டி.யும் பிளாட்டினமும் அகச்சிவப்பை விழுங்குவதில் கஞ்சம், பிளாட்டினம் கண்ணாடியாகத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் மேலே கருப்புப் பூச வேண்டும். தங்கத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கினால் பளபளவென்று படியும். சில மில்லிபார் நைட்ரஜனை உள்ளே விட்டு ஆவியாக்கினால் அணுக்கள் வழியிலேயே மோதிக் கொத்தாகி, விளக்குக் கரியைப் போல உதிரியாக வந்து உட்காரும். பெரும்பகுதி வெறும் இடம், அதனால் எடையும் வெப்ப ஏற்புத்திறனும் மிகக் குறைவு. தொட்டால் நசுங்கித் தங்க நிறம் தெரியும். ஊதவும் கூடாது, சூடாக்கவும் கூடாது. முனைவாக்கத்தைக் காலையிலேயே முடித்ததற்கு அதுதான் காரணம். கண்ணாடித் தட்டில் ஒரு ஓரத்தில் படிந்ததை அண்ணன் விரலால் தேய்த்துக் காட்டினார். எத்தனை வருடமாகக் காட்டியிருப்பாரோ, இன்னும் அவருக்கு அலுக்கவில்லை.

ஜூலை 13, சனி

உணரியாகச் சோதனை. கதிர் வீசும் 500 கெல்வின் கரும்பொருள் ஒரு பக்கம், கதிரை விட்டுவிட்டு மறைக்க நடுவில் சுழலும் பல்சக்கரம், மறுபக்கம் எங்கள் சவ்வு. நேற்று வந்த பிகோஆம்பியர்களை மின்னழுத்தமாக்க 10 கிகா ஓம் மின்தடையும் ஒரு டிரான்சிஸ்டரும் உலோகக் குப்பிக்குள் வைத்தாகிவிட்டது. சமிக்ஞை வந்தது, கூடவே சம்பந்தமில்லாத ஏதோ வந்தது. பல்சக்கரத்தை நிறுத்தினாலும் அலைவரைவி துள்ளியது. யாரோ நடைபாதையில் நடக்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. மின்தூக்கி நிற்கிறது. எல்லாம் திரையில் பதிவாகிறது.

பைரோ எலெக்ட்ரிக் பொருள் எல்லாமே அழுத்தினால் மின்சாரம் தரும் அழுத்தமின் பொருளும்தான். 32 படிக வகுப்புகளில் 20 அழுத்தமின் குணம் உள்ளவை, அந்த இருபதுக்குள் 10 பைரோ. ஒன்றை எடுத்தால் மற்றதும் ஒட்டிக்கொண்டு வரும். இத்தனை பாடுபட்டு மெல்லிய சவ்வில் தொங்கவிட்டிருக்கிறோம், அது வெப்பத்தோடு சேர்த்துக் கட்டடத்தையும் கேட்கிறது. பக்கத்துத் துண்டைக் கருப்புப் பூசாமல் எதிர்த்திசையில் இணைத்தோம். அதிர்வு இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து பெரும்பாலும் கழிந்தது, கதிர் ஒன்றில் மட்டும் நின்றது. முழுக்கக் கழியவில்லை. இரண்டு சவ்வும் ஒரே விறைப்பில் இல்லை.

திறனைக் குறிக்க இவர்கள் டி-ஸ்டார் என்ற அளவைச் சொல்வார்கள். அறை வெப்பநிலையில் இருக்கும் வெப்ப உணரி எதுவானாலும், எல்லாப் பக்கமும் திறந்து பார்த்தால், இயற்கை விதிக்கும் உச்சம் 1.8-ஐப் பத்தின் பத்தாம் அடுக்கால் பெருக்கிய எண். நல்ல வணிக உணரிகள் பத்தின் எட்டாம் அடுக்கை ஒட்டி நிற்கின்றன. எங்களுடையது அதற்கும் கீழே. துளைப் படலத்தில் சமிக்ஞை அடர்த்தியான படலத்தைவிடக் கூடியிருந்தது, இரைச்சலும் கூடியிருந்தது. மாணவி விகிதத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சமம், டை" என்றார். உலர்ந்த நைட்ரஜனில் மூடி மறுபடி அளந்தபோது இரைச்சல் இறங்கி, துளைப் படலம் கொஞ்சம் முந்தியது. ஈரம்தான் குற்றவாளி என்பதற்கு அது போதும்.

ராத்திரி கலைந்து போகும்போது பேச்சு செவ்வாய்க்குப் போனது. மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தில் செவ்வாயின் கனிமங்களைப் பார்த்த டி.இ.எஸ். என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் இருந்ததும் பைரோ உணரிதான், டி.ஜி.எஸ். (ட்ரைகிளைசின் சல்பேட்) குடும்பப் படிகம். குளிரூட்டத் தேவையில்லை என்பது அதன் பெரிய பலம். தண்ணீரில் கரையும், சாதாரண டி.ஜி.எஸ். 49 டிகிரியில் முனைவாக்கத்தை இழந்துவிடும், ஆனாலும் அங்கே போய் வேலை செய்தது.

ஜூலை 14, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். கால் வீங்கியிருக்கிறது, விரல் நுனிகளில் கையுறைச் சுருக்கம் இன்னும் போகவில்லை.

ஒற்றை அலைநீளம் பார்க்கும் எங்கள் பழைய கருவிக்கு லித்தியம் டாண்டலேட் படிகமே தொடரும். அதன் விடுதிறன் 45-ஐ ஒட்டி, மின்னிழப்பு மிகக் குறைவு, 600 டிகிரிக்கு மேல் வரை முனைவாக்கம் போகாது. முனைவாக்கம் கெடுமோ என்ற கவலையும் இல்லை. அதை வெட்டி மெலிதாக்குவது சிரமம் என்றாலும் யாரோ ஏற்கெனவே அதைச் செய்து விற்கிறார்கள். நான்கைந்து அலைநீளங்களை ஒரே சில்லில் பார்க்கிற அடுத்த கருவிக்குத்தான் படலம் வேண்டும், அங்கே படிகத்தை அறுத்து ஒட்டுவது நடக்காத காரியம்.

மாணவியிடம் ஒரு மாதிரி கேட்டிருக்கிறேன். நடுவில் துளைப் படலம், மேலும் கீழும் ஒவ்வொரு அடர்த்தியான அடுக்கு. உலோகம் உள்ளே இறங்காது, ஈரமும் மேலிருந்து நுழையாது. பரப்பளவு ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு சவ்வும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். பைரோ எண்ணோடு மின்னிழப்பையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன், இரண்டாம் சூடேற்றத்துக்குப் பிறகு எடுத்ததாக இருக்கட்டும் என்றேன். "அண்ணன் கையெழுத்து போட்டே அனுப்பறேன்" என்றார்.